இரண்டு தசம் எட்டு

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த முதல் நாளே அவள் நாங்கள் போட்ட விளம்பரத்தில் பிழை பிடித்தாள்.

குட்மேய்ஸில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. அப்பா போன பிறகு அதை வாடகைக்கு விடலாம் என்று அம்மா சொல்ல, நான் ஒரு தாளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிச் சந்தியிலிருந்த தமிழ்க் கடையின் கண்ணாடியில் ஒட்டினேன். பெண்களுக்கு மட்டும், ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை. அடுத்த நாள் கதவைத் தட்டியவள் நெடுநெடுவென்று, நல்ல கறுப்பாக, தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு நின்றாள். கையில் நான் ஒட்டிய தாள் இருந்தது.

"ஐந்து நிமிடம் இல்லை" என்றாள் ஆங்கிலத்தில். "ஒன்பதரை. இப்போதுதான் நடந்து பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் போக வேண்டுமென்றால் ஓட வேண்டும்."

அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. "என்னவாம்?" என்று என்னைக் கேட்டார்.

"ஸ்டேஷன் தூரமாம்."

"அப்ப அறை வேண்டாமாமோ?"

"வேணுமாம். தாளைத் திருத்தி ஒட்டோணுமாம்."

அறைக்கு ஆள் வந்த பிறகு தாள் எதற்கு என்று நான் கேட்டேன். அப்படியானால் கிழித்துவிடலாம் என்று சொல்லி, நாலாக மடித்துக் கிழித்து எங்கள் குப்பைத் தொட்டியிலேயே போட்டாள்.

அவளுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. நாட்டின் பெயரையும் எழுத முடியாது. உலகப் படத்தில் அந்த நாட்டின் பெயரைக் கடலுக்குள்தான் எழுதியிருப்பார்கள். நிலத்தில் எழுத இடம் காணாது. அந்த வருடங்களில் அங்கிருந்து வந்து சர்வதேசப் போட்டிகளில் நூறு மீற்றர் ஓடிய பெண் அவள் ஒருத்திதான். நாட்டைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். தன்னைப் பற்றி யாராவது கூட்டியோ குறைத்தோ பேசினால் அவளுக்குப் பிடிக்காது. நான் எவ்வளவு கவனமாக எழுதினாலும் எங்கேயோ கூடும், எங்கேயோ குறையும். பெயர் இல்லாவிட்டால் அந்தப் பிழை என்னோடு நிற்கும்.

சின்ன நாடுகளின் ஓட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் ஒரு உதவித்தொகையில் லண்டனுக்கு வந்தவள். கல்லூரியில் ஒரு படிப்பு, மாலையில் ஓடுதடம். உதவித்தொகை ஒரு வருடத்தில் நின்றுபோக, ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் ஷிப்ட் எடுத்தாள். ஓட்டத்தை மட்டும் விடவில்லை.

அவளுடைய பூட்டனார் தமிழ்நாட்டுக் கரையில் எங்கேயோ கப்பலேறிப் போனவர். அவருடைய தமிழில் நாலு தலைமுறை தாண்டி அவளிடம் வந்து சேர்ந்தவை மூன்றே சொற்கள்: ரசம், சாமி, ஐயோ. மிச்சத் தமிழ் முழுவதையும் எங்கள் குசினியில் அம்மாவிடம் பொறுக்கினாள். அதனால் அவள் பேசியது எங்களுடைய யாழ்ப்பாணத் தமிழ். கடையில் அவளைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுபவர்களிடம் "ஓம், கத்தரிக்காய் அரைக் கிலோ தாங்கோ" என்பாள். அவர்கள் முழிப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோசம்.

ஆனால் எங்கள் தமிழில் ஒரு விசயம் அவளைப் படாத பாடு படுத்தியது. அண்ணை வேலை முடிந்து போனில் "அஞ்சு நிமிசத்தில நிப்பன், சோத்தைப் போடுங்கோ" என்பார். இவள் அடுப்புக்கு மேலிருந்த மணிக்கூட்டைப் பார்த்து, நாலாவது நிமிடத்தில் கோப்பையில் சோற்றைப் போட்டு வைப்பாள். அண்ணை நாற்பது நிமிடம் கழித்து வருவார். "ஒரு பத்துப் பேர் வருவினம்" என்று அம்மா சொன்ன அப்பாவின் திவசத்துக்குச் சரியாகப் பத்து இலை வெட்டி வைத்தாள். வந்தவர்கள் இருபத்து மூன்று பேர்.

"அன்ரி, நீங்கள் பத்து எண்டு சொன்னனீங்கள்."

"அது சும்மா ஒரு கதைக்குச் சொல்லுறது பிள்ளை. கிட்டத்தட்ட."

அந்தச் சொல்லை அவள் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். கற்றுக்கொண்ட அன்றே அதைப் பிடிக்காமலும் போய்விட்டது. அதன் பிறகு யாராவது ஒன்றைத் தோராயமாகச் சொன்னால், சிரித்துக்கொண்டே "சரியாச் சொல்லுங்கோ" என்பாள். எங்கள் வீட்டில் அது ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. உப்புக் கூடிய நாளில் நாங்கள் அம்மாவைப் பார்த்து "சரியாச் சொல்லுங்கோ, எத்தனை கரண்டி?" என்போம்.

வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அவளைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெடல் பிள்ளை?"

"ஒண்டும் இல்லை."

"உலகப் போட்டியில ஓடினதாச் சொன்னாங்கள்?"

"ஓடினனான். ஐம்பத்தெட்டுப் பேரில நாற்பத்தொன்பதாவது."

கேட்டவர்கள் சங்கடத்தோடு தேத்தண்ணியைக் குடிப்பார்கள். அவளுக்குச் சங்கடமே இருக்காது. ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "ஒன்பது பேர் எனக்குப் பின்னால வந்தவை. அவையளும் தங்கடை நாட்டில முதலாம் ஆக்கள்தான்." தன்னைக் கூட்டிச் சொல்லக் கூடாது என்பதில் எவ்வளவு பிடிவாதமோ, குறைத்துச் சொல்லக் கூடாது என்பதிலும் அவளுக்கு அவ்வளவு பிடிவாதம்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூட இருப்பது அவ்வளவு லேசு இல்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் ஒவ்வொரு யூலையும் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து விளையாட்டுப் போட்டி நடத்தும். ஒலிபெருக்கி, கூடாரம், மூலையில் றோல்ஸ் பொரிக்கிற மணம், தாய்மார் ஓட்டம், கயிறிழுப்பு எல்லாம் உண்டு. அந்தப் போட்டியின் நூறு மீற்றர் சாதனை என் அண்ணையுடையது. ஏழு வருடங்களுக்கு முன் பதினொன்று தசம் இரண்டு செக்கனில் ஓடியிருந்தார். அண்ணை வீடுகளுக்கு மின்சார வேலை செய்பவர், பெரிய படிப்பு இல்லை. சபையில் அவருக்கென்று இருந்த ஒரே பேச்சு அதுதான். ஒவ்வொரு வருடமும் ஓட்டம் தொடங்கமுன் அறிவிப்பாளர் அவருடைய பெயரையும் நேரத்தையும் ஒலிபெருக்கியில் சொல்வார். அண்ணை கேட்காதவர் போல வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த வருடம் அவளைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடலாம் என்று சங்கத்துக்குச் சொன்னதே அண்ணைதான். மாலை போட்டார்கள். பிறகு ஒருதரம் ஓடிக் காட்டச் சொன்னார்கள். ஆணிச் சப்பாத்து கொண்டுவரவில்லை என்று மறுத்துப் பார்த்தாள், விடவில்லை. சாதாரணச் சப்பாத்தோடு, புல்லில், நாலு இளைஞர்களோடு ஓடினாள். இரண்டாவதாக வந்தாள். "பெண்களுக்கான புதிய சாதனை! பதினொன்று தசம் ஏழு!" என்று ஒலிபெருக்கி அலறியது. சனம் எழுந்து நின்று கைதட்டியது.

அவள் கைதட்டலுக்குச் சிரிக்கவில்லை. திரும்பி ஓடி வந்த வழியைப் பார்த்தாள். பிறகு மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"மன்னிக்கோணும்" என்றாள் தமிழில். "இது நூறு மீற்றர் இல்லை. நல்ல தடத்தில, நல்ல சப்பாத்தோடயே நான் பதினொண்டு தசம் ஏழு ஓடினதில்லை. நூறு மீற்றருக்கு நான் ஐம்பத்தொரு எட்டு வைக்கோணும். இஞ்சை நாற்பத்தெட்டுத்தான் வந்தது."

முதலில் சிலர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு யாரோ நீளம் பாய்தலுக்கு வைத்திருந்த அளவுநாடாவை எடுத்து வந்தார்கள். முழங்கால் ஊன்றி ஊன்றி அளந்தார்கள். தொண்ணூற்று நாலு மீற்றர். எப்போதோ மைதானத்துக்காரர்கள் கார் நிறுத்துவதற்கு வேலியை உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்கள். முடிவுக் கோடும் வேலியோடு சேர்ந்து உள்ளே வந்திருக்கிறது. அதன் பிறகு யாரும் அளக்கவில்லை.

சங்கத் தலைவர் சமாளித்தார். "நிலம் எல்லாருக்கும் ஒண்டுதானே தங்கச்சி. எல்லாரும் இதிலதானே ஓடினவை."

"அப்ப தொண்ணூற்றி நாலு மீற்றர் ஓட்டம் எண்டு சொல்லுங்கோ. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

கூட்டத்தில் யாரோ "அப்ப அந்த ரெக்கோட்டு?" என்று கேட்டுவிட்டார்கள். எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள். அண்ணை கூடாரத்தின் கயிறு ஒன்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா அன்றைக்கு வந்திருக்கவில்லை. வீட்டில் நான் சொல்லக் கேட்டதும் அவளைக் கூப்பிட்டு இருத்தினார். "நீ சொன்னது உண்மைதான் பிள்ளை. ஆனா அவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லுறதோ? அவனுக்கு வேற என்ன இருக்கு?"

அண்ணை அவளோடு பேசுவதை நிறுத்தினார். ஒரு நாள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது என்னிடம் சொன்னாள்: "அண்ணை என்னோட கதைச்சு இருபத்தாறு நாள்." அன்று மாலையே அவருடைய அறை வாசலில் போய் நின்றாள்.

"அண்ணை, தூரம் பிழை எண்டு சொன்னது பிழை இல்லை. மைக்கில சொன்னது பிழை. முதல் உங்களிட்டை வந்து சொல்லியிருக்கோணும்."

அண்ணை "ம்" என்றார். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதில்கூட அவள் எந்த அளவுக்குத் தன் பிழையோ அந்த அளவுக்கு மட்டும்தான் கேட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

அடுத்த வருடம் உலகப் போட்டி வந்தது. அவளுடைய நாட்டுக்கு ஓட்டத்தில் ஒரேயொரு இடம். அதற்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள்: இவளும், அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு ஆணும். குறித்த நாளுக்குள் யார் தேசியச் சாதனையை முறியடிக்கிறார்களோ அவர்களுக்கு இடம், இருவரும் முறியடிக்காவிட்டால் அவனுக்கு என்று அங்குள்ள தடகளச் சங்கம் சொல்லிவிட்டது. பெண்களுக்கான சாதனை பதினொன்று தசம் எட்டு ஏழு. எப்போதோ ஒருத்தி ஓடியது. இவளுடைய ஆகக் கெதியான நேரம் பதினொன்று தசம் ஒன்பது பூச்சியம். இடையில் இருந்தது ஒரு செக்கனின் நூறில் மூன்று பங்கு. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை.

கடைசி வாய்ப்பு எசெக்ஸ் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி. ரயில் ஓடவில்லை. வேலைக்கு ஓட்டும் வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு அண்ணை தானாகவே "வானில ஏத்திக்கொண்டு போறன்" என்றார். நானும் ஏறினேன்.

நல்ல வெயில், விட்டு விட்டு அடிக்கிற காற்று. இரண்டே முக்காலுக்கு அவளுடைய ஓட்டம். அவள் அப்படி ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் முப்பது மீற்றருக்குத் தலையை நிமிர்த்தவேயில்லை. பிறகு நிமிர்ந்தபோது மற்றவர்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். பதினொன்று தசம் எட்டு மூன்று. அண்ணை கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரின் கோப்பி அவர் மடியில் ஊற்றுண்டது.

ஒரு விசயத்தை இங்கே சொல்ல வேண்டும். நூறு மீற்றர் ஓட்டத்தில் பின்னாலிருந்து காற்றுத் தள்ளினால் அதையும் அளப்பார்கள். செக்கனுக்கு இரண்டு மீற்றருக்கு மேல் போனால் அந்த நேரம் சாதனையாகச் செல்லாது. அரை மணி கழித்து, ஒட்டியிருந்த முடிவுத் தாளைப் பார்க்க அண்ணை ஓடினார். காற்று, ஒன்று தசம் எட்டு. செல்லும். போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். பத்து மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளுடைய தோளில் தட்டி, "பாத்தீரோ!" என்றார்.

திரும்பி வரும் வழியில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏன் உம்மெண்டு இருக்கிறீர்? அம்மாட்டைச் சொல்லிக் கேசரி கிண்டுவம்" என்றார் அண்ணை.

"அண்ணை, காத்து ரெண்டு தசம் எட்டு."

"ஒண்டு தசம் எட்டு. இந்தாரும் படம்."

"தாளில ஒண்டு. ஓடி முடிச்சுத் திரும்பி வரேக்கை காத்தளவு காட்டுற பலகையில பாத்தனான். ரெண்டு."

அண்ணை அடுத்த பெற்றோல் நிலையத்துக்குள் வானைத் திருப்பி நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார்.

"வேற ஆரும் பாத்தவையோ?"

"தெரியாது."

"அப்ப என்ன?"

"நான் பாத்தனான்."

"இஞ்சை பாரும்" என்றார் அண்ணை. "என்ரை ஆறு மீற்றர் வேற கதை. அது ஒரு விளையாட்டு. இது உம்மடை சீவியம். எட்டு வருசம் இதுக்குத்தானே பாடுபட்டனீர்? தாள் அடிச்சவன் பிழை விட்டால் அது உம்மடை குற்றமோ?"

"இல்லை."

நான் பின் சீற்றில் இருந்தேன். அந்த நேரம் நானும் ஒன்று சொன்னேன். "நீர் பிழையாப் பாத்திருக்கலாம்தானே?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்பிடி இருந்தால் எவ்வளவு நல்லம்" என்றாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இனி நடந்ததைச் சொன்னால், உடனே அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அவள் சொல்லவில்லை. முடிவு இணையத்தில் வந்துவிட்டது. அன்று பின்னேரமே அவளுடைய நாட்டிலிருந்து வாழ்த்து வரத் தொடங்கியது. அங்கே வானொலியில் பெயர் சொன்னார்களாம். அவளுடைய தாய் போனில் அழுதது கீழே குசினி வரைக்கும் கேட்டது. எல்லோருக்கும் "நன்றி" என்றாள். திங்கட்கிழமை வேலைக்குப் போய் வந்தாள். இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டபடியே திரும்ப மூடி வைத்தாள். அம்மா கேசரி கிண்டினார். அண்ணையும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைச் சட்டையோடு கீழே வந்து, போனை மேசையில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டாள். போட்டியை நடத்திய கழகத்தின் செயலாளர் ஒரு வயதான பெண். அவளுடைய கேள்வி அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கையால் எழுதிய தாளைத் தேடுகிறேன் என்றார். கடதாசி புரட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"அடடா, நீங்கள் சொல்வது சரி. இரண்டு தசம் எட்டு. தட்டச்சில் பிழை போயிருக்கிறது. இன்றைக்கே திருத்திவிடுகிறேன். நீங்கள் யார் பேசுவது?"

"ஓடியவள்" என்றாள்.



போனை வைத்துவிட்டுச் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். "நாற்பத்து மூண்டு மணித்தியாலம்" என்றாள். "நாற்பத்து மூண்டு மணித்தியாலம் நான் பொய் சொன்னனான்."

அம்மாவுக்கு நான் விசயத்தை விளங்கப்படுத்தினேன். சனத்துக்கு முன்னால் உண்மை சொன்னதற்காக ஒருநாள் அவளை ஏசிய அம்மா, இப்போது எழும்பிப் போய் இரண்டு தோசை சுட்டுக்கொண்டு வந்தார்.

"இண்டைக்கு வேலைக்குப் போகாதை. இருந்து சாப்பிடு."

"ஷிப்ட் பத்தரைக்கு அன்ரி." ஆனால் இருந்து சாப்பிட்டாள்.

இடம் அவனுக்குப் போயிற்று. தடகளச் சங்கத்தில் யாரோ ஒருவர் அவளுக்குப் போன் பண்ணி, நாட்டைச் சிரிப்புக்கு இடமாக்கிவிட்டாய் என்று கத்தினார். தாய் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. "வானொலியில வந்த பிறகு இல்லையெண்டு ஊருக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு கேக்கிறா" என்றாள்.

அந்த உலகப் போட்டியை எங்கள் முன் அறையில் இருந்து பார்த்தோம். அவன் தன் சுற்றில் நூறு மீற்றர் ஓடினான். எட்டாவதாக வந்தான்.

"கடைசி" என்றார் அண்ணை. அதில் ஒரு திருப்தி இருந்தது.

"பத்து தசம் எட்டு ஒன்பது" என்றாள் அவள். "அவன் ஒருநாளும் இவ்வளவு கெதியா ஓடேல்லை." எழுந்து நின்று கைதட்டினாள். உண்மையாகவே தட்டினாள். பிறகு மேலே போனாள். குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த யூலையில் அண்ணை பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்குப் போய், பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார். தலைவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாராம். வேலிக்கு இந்தப் பக்கமாகப் புதிய தடம் அளந்து கோடு போட்டார்கள். முப்பத்தைந்து வயதில், இடுப்பில் நாரிப் பிடிப்போடு, அண்ணை அதில் ஓடினார். பதின்மூன்று தசம் நாலு. ஆறாவதாக வந்து, புல்லில் மல்லாந்து கிடந்து சிரித்தார். அவள்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அதன் பிறகு அவள் இரண்டு வருடம் ஓடினாள். பதினொன்று தசம் எட்டு ஒன்பது வரைக்கும் வந்தாள். செல்லுகிற காற்றில் அதற்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. தொடையின் பின்தசை ஒருதரம் கிழிந்தது, ஆறி, மறுபடி கிழிந்தது. சர்வதேசப் போட்டிகளில் எத்தனை தரம் ஓடினாய் என்று கேட்டால் பதினொரு தரம் என்பாள். எத்தனை தரம் இரண்டாவது சுற்றுக்குப் போனாய் என்றால் ஒருதரமும் இல்லை என்பாள். அவள் சொன்னபடி அவளுடைய முழு ஓட்ட வாழ்க்கையும் இவ்வளவுதான். சாதனைக்கு நூறில் இரண்டு பங்கு மிச்சம்.

ஒருநாள் அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன், கழகத்துக்கு அந்தப் போனை எடுத்ததற்காகக் கவலைப்படுகிறீரா என்று. இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஓம்" என்றாள். "நெடுக இல்லை. ஒரு நாளைக்கு ஒருதரம். காலமை சப்பாத்துக் கட்டேக்கை."

"எடுக்காமல் விட்டிருந்தால்?"

மடித்த சட்டையை அடுக்கில் வைத்தாள். "அப்ப ஒரு நாளைக்கு எத்தனை தரம் கவலைப்பட்டிருப்பன் எண்டு தெரியாது. அதுதான் எடுத்தனான்."

அவள் இப்போது தன் தீவின் துறைமுகத்தில் வேலை செய்கிறாள், படகுகளின் நேர அட்டவணையைப் பார்க்கிற வேலை. புது வருடத்துக்கு ஒரு செய்தி அனுப்புவாள். அம்மா போன செய்தியை நான் எழுதியபோது, அம்மா தனக்குச் சொல்லித்தந்த சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பதாகவும், மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு என்றும் பதில் எழுதினாள். லண்டனுக்கு அவள் திரும்பி வரவேயில்லை. வரமாட்டோம் என்ற சந்தேகம் அவளுக்குப் புறப்படும்போதே இருந்தது.

விசா முடிகிற வாரம், ஒரு கார்த்திகை மாதக் காலை. தெருவில் நிறுத்த இடமில்லாமல் அண்ணை வானைத் தெருமுனையில் விட்டிருந்தார். பெரிய பெட்டி போய்விட்டது. கையில் ஒரு சின்னப் பை மட்டும். அம்மா வாசலில் கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்துக்கொண்டு நின்றார். அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்து, "போறன் அன்ரி" என்றாள்.

அம்மா அவளை விலக்கிப் பிடித்தார். "அப்பிடிச் சொல்லக் கூடாது பிள்ளை. போட்டு வாறன் எண்டு சொல்லு."

"திரும்பி வருவனோ தெரியாது அன்ரி."

"வந்தால் வா, வராட்டில் விடு. அது ஒரு சொல்லு. வாசலில நிண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனால் எனக்கு மனம் சரிவராது."

நான் அம்மாவின் கையைப் பிடித்து, விடுங்கோ அம்மா என்றேன். அம்மா விடவில்லை. அவருடைய கண் நிறைந்துவிட்டது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தெருவை, அந்த முனை வரைக்கும், நிதானமாகப் பார்த்தாள்.

"சரி. போட்டு வாறன் அன்ரி" என்றாள்.

அம்மா தலையாட்டினார். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். தெருமுனையில் பையை வானுக்குள் வைத்தாள். தடித்த குளிர்ச் சட்டையையும் கழற்றி அண்ணையிடம் கொடுத்தாள். அண்ணை ஏதோ கேட்பது தெரிந்தது. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

பிறகு ஓடி வந்தாள். ஈரம் காயாத நடைபாதையில், முதல் கொஞ்சத் தூரத்துக்குத் தலையைக் குனிந்தபடி, பிறகு நிமிர்ந்து, கைகள் காற்றை வெட்ட, முழு வேகத்தில் ஓடி வந்தாள். குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் மதிலோடு ஒட்டி நின்றார். படலையைத் தாண்டி வந்து எங்கள் கதவு நிலையில் கையை வைத்துத்தான் நின்றாள். அவ்வளவு ஓடியும் பெரிதாக மூச்சு வாங்கவில்லை.

"வந்திட்டன் அன்ரி" என்றாள்.

அம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் "விசரி" என்று அவளுடைய தோளில் ஒரு அடி போட்டார். சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார். அவள் அம்மாவின் கையை எடுத்து ஒருதரம் அழுத்திவிட்டு, இந்தமுறை ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

நாலு வருடம் எங்கள் வீட்டில் இருந்தவள் ஓடுவதை அம்மா கண்ணால் பார்த்தது அந்த ஒருதரம்தான்.